கரையை அறுத்தவன்

என் பெயர் குமாரசாமி. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் சரிகை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை என்னைச் சபையில் பார்க்கிற புது ஆட்கள் பெயரைக் கேட்டதும் ஒரு நிமிஷம் முழிப்பார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்றும் எனக்கு உண்டு. அது ரேஷன் கார்டு வரைக்கும் வந்து சேரவில்லை.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நெசவாளி சேலையைக் கொண்டுவந்து போட்டால், சங்கம் கொடுத்த நல்ல சரிகையைத்தான் நெய்திருக்கிறானா, அதை எடுத்து ஒளித்துவிட்டு மலிவுச் சரிகையை நுழைத்திருக்கிறானா என்று நான் பார்க்க வேண்டும். முந்தானை முனையில் தொங்கும் குஞ்சத்திலிருந்து ஒரு இழையை உருவுவேன். நகத்தால் மேல் தகட்டை உரிப்பேன். நல்ல சரிகை என்றால் வெள்ளித் தகட்டுக்குள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கும், நெருப்பில் காட்டினால் முடி பொசுங்கிய வாடை அடிக்கும். போலி என்றால் செம்புத் தகடு, உள்ளே பாலியஸ்டர். அது உருகிச் சுருண்டுகொள்ளும். சங்கத்தில் மெஷினும் இருக்கிறது. தங்கம் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு என்று சொல்லிவிடும். உள்ளே ஓடும் நூலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் தெரியும் என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இந்தப் புத்தி சங்கத்து வாசலோடு நின்றுவிடுமா? வீட்டுக்கும் கூடவே வரும். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். மருந்துக்கடையில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிப்பேன். "எமன் வந்து கூப்பிட்டாக்கூட இந்த மனுஷன் ஐடி கார்டு கேப்பாரு" என்று என் மனைவி வள்ளி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

போன லெந்து நாட்களுக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்துக்கு, முன்னால் எங்கள் சின்னச் சபைக்குப் புதிதாக ஒரு பாஸ்டரம்மா வந்தார். பெயர் அபிநயா. முப்பது வயதைத் தாண்டியிருந்தால் அதிகம். வெள்ளிக்கிழமைச் சாயங்காலக் கூட்டங்களில் இருதயத்தைப் பற்றிப் பேசப் போவதாக அறிவித்தார். சரி, அன்பு, கண்ணீர், கைக்குட்டை என்று நினைத்து நான் முதல் வரிசையிலிருந்து நான்காம் வரிசைக்கு இடம் மாறிக்கொண்டேன்.

அவர் பேசியது வேறு. "தலை யோசிக்குது, நெஞ்சு அழுவுதுன்னு நாம பிரிச்சு வெச்சிருக்கோம். ஆதி சபையில அப்படிப் பிரிக்கல. யோசிக்கறது, ஆசைப்படறது, முடிவு பண்றது, ஜெபிக்கறது எல்லாம் ஒரே இடத்துலதான். அந்த இடத்தைத்தான் அவங்க இருதயம்னு சொன்னாங்க" என்றார். அந்தக் காலத்தில் எகிப்துப் பாலைவனத்தில் போய்க் குடிசை போட்டுக்கொண்ட துறவிகளைப் பற்றிச் சொன்னார். ஊரை விட்டுப் போனால் நிம்மதி என்று போனார்களாம். போய் உட்கார்ந்து பார்த்தால் ஊர் முழுக்க அவர்கள் இருதயத்துக்குள்ளேயே குடியிருந்ததாம். அதற்கப்புறம் அவர்கள் செய்த வேலையெல்லாம் அந்த வாசலில் காவல் நிற்பதுதான்.

"எண்ணம் வர்றது பாவம் இல்ல. தெருவுல போறவன் கதவைத் தட்டறான், அவ்வளவுதான். நீ யாரு, எங்கேர்ந்து வர்றேன்னு கேட்கணும். கேட்டுட்டு அனுப்பிட்டா முடிஞ்சுது. வாசல்ல நிக்க வெச்சுப் பேச்சுக் குடுத்தா அது ரெண்டாவது படி. உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுக் காபி குடுக்கறோம் பாருங்க, அங்கதான் குத்தம்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது நம்ம வேலையாச்சே! இருபத்திரண்டு வருஷமாக நான் சங்கத்தில் செய்வதை இந்தத் துறவிகள் பாலைவனத்தில் செய்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் எழுந்து கேட்டேன்.

"பாஸ்டரம்மா, அடுத்தவன் இருதயத்துல இன்னா இருக்குதுன்னு அவங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"கண்டுபிடிக்கல அங்கிள். அதை ஆண்டவர் ஒருத்தர்தான் பார்க்க முடியும்னு சொன்னாங்க. அடுத்தவனுக்குத் தீர்ப்பு சொல்றதுக்கு அவங்க பேயைவிட அதிகமா பயந்தாங்க. அவங்கவங்க வாசலுக்கு அவங்கவங்கதான் வாட்ச்மேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வெள்ளி ஒரு பழக்கத்தைத் தொடங்கி வைத்தார். அந்தத் துறவிகள் தங்கள் இருதயத்துக்கு வந்த எண்ணங்களை மறைக்காமல் இன்னொரு துறவியிடம் சொல்லிவிடுவார்களாம். வெளிச்சத்துக்கு வந்த எண்ணத்துக்குப் பல் போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாங்களும் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்ள வேண்டும். அந்த வாரம் இருதயத்தின் வாசலுக்கு என்னென்ன வந்தது, எதை அனுப்பினோம், எதை உள்ளே விட்டோம் என்று ஒரு தாளில் எழுதி, சனிக்கிழமை மாலை துணைவரிடம் கொடுக்க வேண்டும். அவர் படிப்பார். கேள்வி கேட்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, வெளியே மூச்சு விடக் கூடாது. படித்த தாளை அங்கேயே எரித்துவிட வேண்டும்.

"எனக்குக் குமாரசாமிதான்" என்று எல்லாருக்கும் முன்னால் அப்பாதுரை கையைத் தூக்கினான்.

அப்பாதுரை ஓரிக்கையில் இருக்கிறான். எங்கள் சங்கத்து நெசவாளி, இருபது வருஷச் சிநேகிதன். என் அப்பா இறந்தபோது பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் வைத்தவன். அவன் கையைத் தூக்கியதில் எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷத்துக்குப் பின்னாலேயே, இவன் ஏன் என்னைக் கேட்கிறான் என்றும் வந்தது. அதை நான் வாசலில் நிறுத்தவில்லை.

சனிக்கிழமை ஆறு மணிக்குச் சபைக் காம்பவுண்டில், புங்கமரத்தடி பெஞ்சில் சந்திப்போம். தாளை மாற்றிக்கொண்டு படிப்போம். தீப்பெட்டி எப்போதும் என் பையில் இருக்கும், தொழிலுக்கு வேண்டியது. ஒரு காலி பெயின்ட் டப்பாவில் போட்டு எரித்துவிட்டு, டீ குடிக்கப் போவோம்.

என் தாள்களைப் பற்றி என்னத்தைச் சொல்வது? 'பிரசங்கத்தில் தூக்கம் வந்தது, உள்ளே விட்டேன்.' 'பக்கத்து வீட்டுக்காரர் புது ஃபிரிட்ஜ் வாங்கியதில் கொஞ்சம் பொறாமை வந்தது, அனுப்பிவிட்டேன்.' இப்படித்தான். சொன்னால் சிரிப்பு வருகிற சங்கதிகளாகப் பொறுக்கி எடுத்து எழுதினேன். உள்ளதை உள்ளபடி எழுத நான் என்ன பைத்தியமா?

அப்பாதுரை எழுதினான். பேசுகிற மாதிரியே, எழுத்துப் பிழையோடு எழுதினான். 'அண்ணன் செத்துப் பூட்டா வீடு நமக்குத்தானேன்னு வந்தது. திங்கக்கிழம வந்தது, செவ்வாயும் வந்தது. போடான்னு சொல்லிட்டேன்.' அந்த அண்ணனுக்கு டயாலிசிஸ் என்று வாரம் இரண்டு தடவை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போகிறவன் இவன்தான். எரித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். டீக்கு இரண்டு வடை சொல்லலாமா என்று கேட்டான்.

நான்காம் வாரத்துத் தாள்தான் என்னைக் கெடுத்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: 'சங்கத்து சரிகய எடுத்து வெச்சிக்கினு வேற சரிக போட்டு நெய்ஞ்சா யாருக்குத் தெரியப் போவுதுன்னு வந்தது. புதன் வந்தது. வியாழன் தறியில உக்காந்ததும் வந்தது. கொஞ்ச நேரம் பேசிக்கினு இருந்துட்டேன். அப்பறம் அனுப்பிட்டேன்.'

விதிப்படி எரித்தேன். டீ குடித்தேன். ஆனால் 'கொஞ்ச நேரம் பேசிக்கினு இருந்துட்டேன்' என்ற வரி எரியவில்லை. எவ்வளவு நேரம்? ஒரு முழம் நெய்கிற நேரமா? ஒரு கரை முடிகிற நேரமா? என்ன பேசினான்? அனுப்பிவிட்டேன் என்று எழுதுகிறவன் எல்லாம் அனுப்பிவிட்டானா? நானும்தான் அனுப்பிவிட்டேன் என்று எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை அப்பாதுரை சேலையைக் கொண்டுவந்து போட்டான். வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஆர்டர் கொடுத்த முகூர்த்தச் சேலை. அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை, கரை முழுக்கச் சரிகை. புதன்கிழமை கொடுத்தாக வேண்டும். "நல்லா பாத்து வைப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று உடனே கிளம்பிவிட்டான். முன்பெல்லாம் அரை மணி உட்கார்ந்து பேசிவிட்டுப் போவான். இன்றைக்கு என்ன அவசரம்?

குஞ்சத்திலிருந்து இழையை உருவினேன். உரித்தேன், சிவப்புப் பட்டு. கொளுத்தினேன், முடி பொசுங்கிய வாடை. சுத்தமான சரிகை.

வேறொருவன் சேலையாக இருந்தால் முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன். எனக்கு அங்கேதான் மூளை வேலை செய்தது. இருபது வருஷமாக இவன் நான் வேலை செய்வதைப் பார்த்தவன். நான் குஞ்சத்தில்தான் கை வைப்பேன் என்று இவனுக்குத் தெரியும். நான் பார்க்கிற இடத்தில் நல்லதைப் போட்டுவிட்டுப் பார்க்காத இடத்தில் கெட்டதைப் போட்டிருந்தால்? மெஷின் இருந்தால் கரையில் வைத்துப் பார்த்திருக்கலாம். அது சர்வீஸுக்குப் போயிருந்தது, வர பத்து நாள் ஆகும்.

மிச்சம் ஒரே வழி. கரையின் நடுவில் பிளேடு வைத்து மூன்று இழை அறுத்து எடுக்க வேண்டும்.

இது என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். குஞ்சத்தில் இழை எடுத்தால் சேலைக்கு ஒன்றும் ஆகாது. கரையை அறுத்தால் ஓட்டை விழும், அது முகூர்த்தச் சேலை இல்லை, பழுது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் சங்கத்தில் ஒருவன் சேலைக் கரையை அறுத்தார்கள் என்றால், அவனைத் திருடன் என்று நினைத்தார்கள் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவைதான் அறுத்திருக்கிறோம். அந்தக் குடும்பம் இப்போது ஊரில் இல்லை.

என்னோடு சேர்ந்து சேலை பார்க்கிறவர் அஹமது பாஷா. என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் பிளேடை எடுத்ததும் தராசை விட்டு எழுந்து வந்தார்.

"குஞ்சம் சரியாத்தானே இருக்குது?"

"இருக்குது."

"அப்புறம் இன்னாத்துக்குக் கத்தி? எதுனா கேள்விப்பட்டியா?"

"இல்ல பாய். கைக்கு ஒரு மாதிரி இருக்குது."

"அப்பாதுரை சேலைப்பா இது. யோசிச்சிக்கோ. கரையில கத்தி வெச்சிட்டா அப்புறம் சரிகை சுத்தமா இருந்தாலும் பேரு சுத்தமா இருக்காது."

அறுத்தேன். மூன்று இழையையும் மேஜைமேல் வைத்தேன். முதலாவதை உரித்தேன், சிவப்புப் பட்டு. கொளுத்தினேன், அதே வாடை. இரண்டாவது, மூன்றாவது எல்லாம் அப்படியே. சங்கம் கொடுத்த சரிகையேதான். அதில் ஒரு நூல்கூட மாறவில்லை.

பாஷா பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்தார். எனக்கு வந்தது வேறு. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இருபது வருஷச் சிநேகிதன் யோக்கியன் என்று தெரிந்ததும் என் முகம் விழுந்துவிட்டது. அதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செயலர் கண்ணாயிரம் வந்து சேலையைப் பார்த்துவிட்டுக் குதித்தார். அவர் வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பம், கட்சியில் இருக்கிறவர், கல்யாண வீட்டுக்காரர்கள் அவருக்குத் தெரிந்தவர்கள். பெண்ணுக்கு வேறொரு சேலையைத் தேடிக் கொடுத்து அனுப்பினார். அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"சரிகை நல்ல சரிகைதான். ஆனா நீங்க ரெண்டு பேரும் காரணம் இல்லாம அறுக்கற ஆளுங்க இல்லியே. நெருப்பு இல்லாம புகையுமா? வர்ற திங்கக்கிழம கமிட்டி கூடுது. அதுவரைக்கும் அந்தாளுக்குப் புதுப் பாவு குடுக்காதீங்க. மெம்பரா வெச்சிக்கலாமா வேணாமான்னு கமிட்டி பாத்துக்கட்டும்."

பாஷா பாய் என்னைப் பார்த்தார். அறுத்தது யார் என்று எங்கள் சங்கத்தில் சேலைச் சீட்டில் எழுதுவதில்லை. முத்திரை மட்டும்தான். நெசவாளிக்கும் சேலை பார்க்கிறவருக்கும் பகை வரக் கூடாது என்று எப்போதோ வைத்த வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பின்னால் நான் நன்றாக ஒளிந்துகொண்டேன். 'அவன் ஜெபக்கூட்டத்தில் எழுதிக் கொடுத்த தாளைப் படித்துவிட்டு அறுத்தேன், வேறு காரணம் கிடையாது' என்று சொன்னால் அப்பாதுரைக்கு அன்றைக்கே அடுத்த சேலைக்குத் தறியில் ஏற்ற வேண்டிய நூல், அந்தப் பாவு, கிடைத்திருக்கும். ஆனால் சபையில் என் முகம் என்ன ஆவது? நான் வாயைத் திறக்கவில்லை. பாஷா பாயும் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவை வேறு மேஜைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலத்துக்குள் ஓரிக்கை வரை செய்தி போய்விட்டது. சேலை சுத்தம் என்பது போகவில்லை, கரையை அறுத்தார்கள் என்பதுதான் போனது. அந்த வாரம் முழுக்க அப்பாதுரையின் தறி சும்மா கிடந்தது. ஊரில் யாரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பான்.

சனிக்கிழமை அவன் வர மாட்டான் என்று நினைத்தேன். வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். ஆறு மணிக்குச் சரியாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினான். நான் என் தாளைக் கொடுத்தேன். அதில், இந்த வாரம் வேலை அதிகம், பெரிதாக ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருந்தேன்.

அவன் தாளைப் பிரித்தேன்.

'என் சேலய அறுத்தது யாருன்னு வந்தது. ரெண்டு பேருதானே அங்க இருக்கறது. பாஷா பாய் மொகம் வந்தது. அவரு செய்ய மாட்டாருன்னு அனுப்பிட்டேன். அப்பறம் உன் மொகம் வந்தது. நான் எழுதிக் குடுத்த மூணாம் நாளு அறுத்துக்கிறாங்க, வேற யாருன்னு கேட்டுது. தறியில உக்காந்தா வருது, சாப்புட உக்காந்தா வருது. நாப்பது தபா வந்திருக்கும். நாப்பது தபாவும் அனுப்பிட்டேன். குமாரு அப்பிடிப்பட்டவன் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஒரு தபாகூட பேச்சு குடுக்கல.'

எனக்கு முன்னால் மரம், பெஞ்ச், டப்பா எதுவும் தெரியவில்லை. நாற்பது தடவை அவன் வாசலுக்கு வந்த எண்ணம் உண்மையான எண்ணம். நாற்பது தடவையும் அதைப் பொய் என்று சொல்லித் துரத்தியிருக்கிறான், எனக்காக. நான் அவனுக்காக ஒரு தடவை செய்தேனா?

அவன் என் தாளைப் படித்துவிட்டு டப்பாவில் போட்டான். தீப்பெட்டிக்குக் கையை நீட்டினான். நான் அந்தத் தாளைத் திரும்ப எடுத்தேன்.

"அப்பாதுரை, நான்தான்பா..."

"வாயால சொல்லாத" என்றான். குரல் உயரவில்லை. "வாயால சொன்னா நானும் வாயால பேசணும். அப்புறம் கையும் பேசும். எழுதிக் குடு."

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன். அவன் எழுதியதைப் படித்துச் சந்தேகப்பட்டேன், நான்தான் அறுத்தேன், செயலர் கேட்டபோது பேசாமல் இருந்தேன் என்று எழுதினேன். சரிகை சுத்தம் என்று தெரிந்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்றும் எழுதினேன். அதை எழுதும்போது அழுதுவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில், சபைக் காம்பவுண்டில், நாலு பேர் பார்க்கிற சாயங்கால வெளிச்சத்தில் அழுதேன்.

அப்பாதுரை நிதானமாகப் படித்தான். இரண்டு தடவை படித்தான். நான் தீப்பெட்டியை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பட்டனைப் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

அன்றைக்கு டீ இல்லை.

அழுகை அடங்கி வீட்டுக்கு வந்து சேருவதற்குள் என் புத்தி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஏன் எரிக்கவில்லை? விதியை மீறி ஏன் எடுத்துக்கொண்டு போனான்? திங்கட்கிழமை கமிட்டி. என் கையெழுத்தில், என் வாக்குமூலம், அவன் பையில். அதைக் கொண்டுபோய்ச் செயலர் மேஜையில் வைப்பான். பாஸ்டரம்மாவிடம் காட்டுவான். ஏன் காட்ட மாட்டான்? நானாக இருந்தால் காட்டியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவன் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தான். நான் பாட்டுப் பாடவில்லை. அவன் சட்டைப்பை தடித்திருக்கிறதா என்றுதான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை கமிட்டியில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாதுரை சுவரோரம் நின்றான். வெள்ளைச் சட்டை, பை மேலே கை. செயலர் "உனக்கு எதுனா சொல்றதுக்கு இருக்குதா?" என்று அவனைக் கேட்டார். அவன் கை பையின் பட்டனுக்குப் போனது.

நான் எழுந்துவிட்டேன்.

"அறுத்தது நான்தான். அவர் மேல தப்பு ஒண்ணும் இல்ல. எனக்கு எந்தத் தகவலும் வரல. சும்மா சந்தேகம். என் புத்தி அப்படி. அந்தச் சேலைக்கு எதுனா நடவடிக்கைன்னா என் மேல எடுங்க. இனிமே நான் கரையில கை வெக்க மாட்டேன்."

சபைக் கூட்டத்துத் தாளைப் பற்றியும் சொன்னேன். விழப் போகிறவன் முழுசாக விழுவதே மேல் என்று தோன்றியது. கண்ணாயிரம் என்னைக் கண்டபடி திட்டினார். மூன்று மாதம் என்னைச் சரிகை பார்ப்பதிலிருந்து எடுத்துவிட்டு ஸ்டாக் ரூமில் போட்டார்கள். அப்பாதுரைக்கு அன்று மதியமே பாவு கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். சேலை சுத்தமான சரிகை என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பாஷா பாய் வந்து என் தோளைத் தட்டினார். "பெரிய மனசுப்பா உனக்கு" என்றார். மத்தியானம் அவர் டப்பா என் மேஜைக்குத் திரும்பி வந்தது.

பாவை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டிருந்த அப்பாதுரையிடம் போனேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தப் பேப்பரை எங்கப்பா வெச்சிக்கிற?"

"எது?"

"நான் எழுதிக் குடுத்தது. இப்ப எடுக்கப் போனியே."

அவன் சட்டைப்பை பட்டனைக் கழற்றிக் காட்டினான். உள்ளே அண்ணனின் ஆஸ்பத்திரிச் சீட்டும் ஒரு சீப்பும் இருந்தன.

"அதை சனிக்கிழம ராத்திரியே அடுப்புல போட்டுட்டேன்."

"அப்ப ஏன் அங்கயே எரிக்கல?"

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னான். "எரிச்சிருந்தா நீ அழுதுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்ப. உன் பேப்பரை நான் வெளியில காட்டக் கூடாது, பேசவும் கூடாது. அது விதி. ஆனா எனக்குத் தறி ஓடணும்ல? உன்ன இருபது வருசமா பாக்கறேன் குமாரு. உன்னைக் கெஞ்சிக் கேட்டா பேச மாட்ட. நான் காட்டிடுவேன்னு உனக்குச் சந்தேகம் வந்தா பேசிடுவ."

பயந்துதான் எழுந்தேன் என்று அவனிடம் சொல்லவும்தான் நான் வந்திருந்தேன். அது அவனுக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அங்கே பாஷா பாய் என்னைப் பெரிய மனசுக்காரன் என்று தோளைத் தட்டிக்கொண்டிருந்தபோது, இவன் ஒருவன் மட்டும் சுவரோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"மன்னிச்சிடுப்பா" என்றேன்.

"அது சனிக்கிழமயே ஆயிப் போச்சு. நீ அழுதியே, அப்பவே." வண்டியில் ஏறி உட்கார்ந்தான். "சனிக்கிழம வருவ இல்ல? எழுதிக் கொண்டா, படிக்கறேன்."

"வரேன்."

"ஆனா இனிமே என் பேப்பர் உனக்கு வராதுப்பா. கோவம் இல்ல. எழுத உக்காந்தா, இத வெச்சிக்கினு இவன் இன்னா பண்ணுவானோன்னு முன்னாடியே வந்து நிக்குது. அப்புறம் நானும் உன்ன மாதிரி ஃபிரிட்ஜு, தூக்கம்னு எழுதுவேன். அது எதுக்கு?"

என் தாள்களை அவன் எப்படிப் படித்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

லெந்து நாட்கள் முடிந்தன. மற்றவர்களில் பாதிப் பேர் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதிக்கொண்டு போகிறேன், இப்போது உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அப்பாதுரை படிக்கிறான், எரிக்கிறான், டீ குடிக்கக் கூட்டிப் போகிறான், வடை வாங்கித் தருகிறான். அவன் பையிலும் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கிறது. அது எனக்கு இல்லை. என்னை அனுப்பிவிட்டு வேறு யாரிடமோ கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

யாரிடம் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போகிறேன். இவரா, அவரா என்று பார்க்கிறேன். யாராக இருந்தாலும் அவர்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அதையும் எழுதி அவனிடம் கொடுத்துவிட்டேன். படித்தான், எரித்தான், டீக்கு இரண்டு வடை சொன்னான்.